துரைசாமியின் காயம்

பெண்டாட்டியைப் பார்த்துப் பொறாமைப்பட நேரும் என்று கோதண்டராமன் கனவிலும் நினைத்ததில்லை. பத்து வருஷக் குடித்தனத்தில் அவளுக்குப் பயந்திருக்கிறான், அவளிடம் சலித்துக்கொண்டிருக்கிறான், அவள் வைக்கிற புளிக்குழம்புக்கு உருகியும் இருக்கிறான். பொறாமை மட்டும் வந்ததில்லை. அது தொண்ணூற்றேழாம் வருஷம் கார்த்திகையில், சபரிமலைக்கு மாலை போட்ட பிறகு வந்தது. அதுவும் ஒரு மீனால் வந்தது.

மீனின் பெயர் துரை. ஆஸ்கர் ஜாதி. ஒரு சாணுக்கு மேல் நீளம், கரி அடுப்பைக் கிளறிவிட்ட மாதிரி கறுப்பும் சிவப்புமாக உடம்பு. பெங்களூர் மர்பி டவுனில் அவர்கள் குடியிருந்த வீட்டின் முன்னறையில் பாதிச் சுவரை அடைத்துக்கொண்டு அதன் தொட்டி இருந்தது. பொம்மசந்திராவில் ஒரு பம்ப் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிற கோதண்டராமன், கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றும் முன்பே "தொரே!" என்பான். மீன் கண்ணாடியை முட்டிக்கொண்டு வந்து நிற்கும். மண்புழுவை விரல் நுனியில் பிடித்துத் தண்ணீரில் விட்டால் விரலுக்கு வலிக்காமல் வாங்கிக்கொள்ளும். அப்புறம் தலையைத் தடவச் சொல்லி மேலே வந்து மிதக்கும். அவனும் தடவுவான். ஸ்டோர்ஸில் காணாமல் போன ஸ்பானரிலிருந்து சூப்பர்வைசரின் மூஞ்சி வரைக்கும் எல்லாவற்றையும் அதனிடம்தான் சொல்வான்.

அடுப்படி வாசலில் நின்று ஜெயலக்ஷ்மி இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். "பேருதான் துரை. எனக்கு அது சக்களத்தி," என்பாள்.

அவன் சிரிப்பான். பெண்டாட்டி பொறாமைப்பட்டால் ஆண்பிள்ளைக்கு ஒரு மிதப்பு வருமே, அந்தச் சிரிப்பு.

அவனுக்கு மாலை போட்டுவிட்டது நீலசந்திரா எத்திராஜ். அதே தொழிற்சாலையில் லேத் ஓட்டுகிறவன். வருஷம் தவறாமல் மலைக்குப் போகிறவன் என்பதால் அந்தக் கூட்டத்துக்கே அவன்தான் குருசாமி. கோதண்டராமன் முதல் தடவை போகிறவன், ஆகவே கன்னிசாமி. கவிச்சி கூடாது, கோபம் கூடாது, பாயில்தான் படுக்கை, எதிரே வருகிறவர் யாராக இருந்தாலும் சாமி, பெண்கள் எல்லாம் மாளிகைப்புறம் என்று எத்திராஜ் விதிகளைச் சொன்னான். மண்புழுவைத் தொடக்கூடாது என்று சொல்லவில்லை. அதைக் கோதண்டராமன் தானாகவே சேர்த்துக்கொண்டான். புதிதாக மாலை போட்டவனுக்கு எதைப் பார்த்தாலும் தீட்டாகத்தான் தெரியும்.

"ஜெயா, இனிமே தொரைக்கு நீதான் புழு போடணும்."

"ஜெயாவா?"

"மாளிகப்புறம்," என்று திருத்திக்கொண்டான்.

"நானா? அந்தச் சக்களத்திக்கு நான் ஊட்டி வேற விடணுமா?"

"சாமிய அப்படிச் சொல்லக்கூடாது."

"மீனு எப்பங்க சாமி ஆச்சு?"

"மால போட்டா எல்லா உசுரும் சாமிதான்."

அன்றிலிருந்து துரை, துரைசாமி ஆயிற்று. ஜெயலக்ஷ்மி ஒரு பழைய கரண்டியில் புழுவை எடுத்து, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையை நீட்டித் தொட்டியில் கொட்டுவாள். மீன் மூலையில் ஒதுங்கி நின்று அவளை முறைக்கும். அவள் அந்தப் பக்கம் போன பிறகுதான் வந்து தின்னும். கோதண்டராமன் பாயில் உட்கார்ந்து வாயால் சரணம் சொல்லிக்கொண்டிருப்பான். மனசுக்குள் கற்கண்டு கரையும். தின்பது வேறு, கையில் வாங்குவது வேறு என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வான்.

கன்னிசாமியாக மலைக்குப் போகிறவன் தன் வீட்டில் கன்னிபூஜை நடத்தி, வருகிற சாமிகளுக்குக் கால் கழுவிவிட்டுச் சாப்பாடு போட வேண்டும். மார்கழி பிறக்கும் முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பூஜை. தெருவில் எல்லா வீடுகளிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் தொங்க ஆரம்பித்திருந்தது. கோதண்டராமன் வீட்டு முன்னறையில் மட்டும் நெருக்கியடித்துக்கொண்டு கறுப்பு வேட்டிகள். வாசலில் சாமிகளுக்குக் கால் கழுவ ஒரு பித்தளை அண்டாவில் தண்ணீரும், துடைக்கப் புதுத் துண்டுகளும் இருந்தன.

ஐயப்பன் படத்தின் மேல் வெளிச்சம் போதவில்லை என்று அவனுக்குத் தோன்றியது. சுற்றிலும் பார்த்தான். மீன் தொட்டியின் மூடியோடு சேர்ந்த டியூப்லைட் கண்ணில் பட்டது. அதை அப்படியே தூக்கிப் படத்துக்கு மேலே கட்டினான். ஐயப்பன் முகம் பளிச்சென்று ஆனது. "பிரமாதம் சாமி!" என்றான் எத்திராஜ்.

ஜெயலக்ஷ்மி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏங்க, தொட்டி தொறந்து கெடக்குதே."

"பூஜ முடியட்டும் மாளிகப்புறம்," என்றான்.

உடுக்கை அடித்தார்கள், ஜால்ரா தட்டினார்கள். கோதண்டராமன் கற்பூரத் தட்டை எடுத்ததும் எத்திராஜ் கண்ணை மூடிக்கொண்டு "சாமியே!" என்று அடிவயிற்றிலிருந்து குரல் கொடுத்தான். அத்தனை பேரும் ஓடு பறக்கிற மாதிரி "சரணம் ஐயப்பா!" என்றார்கள். மூன்றாவது சரணத்துக்குத் துரைசாமி மிரண்டு தொட்டியை விட்டு எகிறியது. தொட்டி ஸ்டாண்டின் இரும்பு மூலையில் அடித்துக்கொண்டு சாமிகளுக்கு நடுவே கோலத்தின் மேல் வந்து விழுந்தது. செவுளுக்குப் பின்னால் தோலும் செதிலும் கிழிந்த சட்டைப்பை மாதிரி தொங்கின. கோலத்தில் ரத்தம்.

மீன் கோதண்டராமன் காலுக்கு ஒரு முழம் தள்ளித் துடித்தது. கையிலிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்தால் போதும். அவன் குனியவில்லை. மாலை போட்டவன் தொடலாமா கூடாதா என்று எத்திராஜின் முகத்தைப் பார்த்தான். எத்திராஜ் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. கற்பூரம் எரிந்துகொண்டிருந்தது. "சாமி... சாமி..." என்றான் கோதண்டராமன். யாரைக் கூப்பிட்டான் என்று அவனுக்கே தெரியாது.

"வழி விடுங்க," என்று ஒரு குரல். ஜெயலக்ஷ்மி ஆண்களைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கால் துடைக்க வைத்திருந்த துண்டுகளில் ஒன்றை உருவினாள், அண்டாவில் முக்கினாள், ஈரத் துண்டை மீன்மேல் போட்டு அள்ளினாள், அண்டாவிலேயே விட்டாள்.

"ஐயோ, பாதபூஜைத் தண்ணி மாளிகப்புறம்," என்றார் ஒரு சாமி.

"மீனுக்கு அது தெரியாது சாமி," என்றாள். பிறகு தொட்டித் தண்ணீரையே வாளி வாளியாக மொண்டு, துணி ஊறவைக்கிற நீலப் பிளாஸ்டிக் டப்பில் ஊற்றி, மீனை அதற்கு மாற்றிக் குளியலறைக்குக் கொண்டுபோனாள்.

சாப்பாடு முடிந்து கை கழுவும்போது எத்திராஜ் கேட்டான்: "ஏன் சாமி அப்படியே நின்னுட்டீங்க? உசுரு போற நேரத்துல என்ன தீட்டு? தூக்கிப் போட்டுட்டு ஒரு முழுக்குப் போட்டா ஆச்சு!"

கோதண்டராமனுக்குச் சுருக்கென்றது. விதி என்று ஒன்று இருந்திருந்தால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம். இப்போது அதுவும் இல்லை.

மறுநாள் தான் பாடம் எடுக்கிற நர்சரி வகுப்பு முடிந்ததும் ஜெயலக்ஷ்மி நேராக வளர்ப்பு மீன் கடை டெரிக்கிடம் போனாள். அவன் சொன்னதை எல்லாம் சாயங்காலம் புருஷனிடம் அவன் குரலிலேயே ஒப்பித்தாள். "பைப் தண்ணி நேரா ஊத்த பேடா, வேணாம் மேடம், காவேரித் தண்ணிய ஒரு நாள் வெளிய வெச்சிட்டு ஊத்துங்க. தினம் கொஞ்சம் கொஞ்சமா மாத்துங்க. ஒரு கொடத்துக்கு ஒரு கரண்டி கல்லுப்பு. மேல சாக்குப் போட்டு இருட்டா வைங்க. அதுவா தேடற வரைக்கும் தீனி குடுக்காதீங்க. காஞ்ச கையால, காஞ்ச துணியால தொட்டா மேல இருக்கிற வழவழப்பு போயிடும், அது போனா மீனு போயிடும். பொழைக்கும்னு நான் சொல்லமாட்டேன்."

"ஹௌதா?" என்றான் கோதண்டராமன், தொழிற்சாலைக் கன்னடப் பழக்கத்தில்.

"ஆமா. நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். டார்ச் மட்டும் பிடிங்க."

குடம், தவலை, குக்கர் என்று வீட்டிலிருந்த பாத்திரத்தில் எல்லாம் தண்ணீர் நிறுத்தி வைத்தாள். ஒரு வாரத்தில் காயத்தின் மேல் பஞ்சு மாதிரி வெள்ளையாகப் பூத்தது. திரும்பவும் டெரிக்கிடம் ஓடினாள். பர்மாங்கனேட்டை இளம் ரோஜா நிறத்துக்குக் கரைத்துப் பஞ்சில் தொட்டு வைக்க வேண்டும், செவுளில் ஒரு சொட்டுப் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினான். சாயங்காலம்தோறும் அது நடந்தது. புருஷனுடைய பழைய வேட்டித் துண்டை நனைத்து அதில் மீனைச் சுற்றுவாள். தலை தண்ணீரில் இருக்கும்படி, காயம் மட்டும் வெளியே தெரியும்படி இடது உள்ளங்கையில் ஏந்திக்கொள்வாள். வலது கையால் ஒற்றுவாள்.

கோதண்டராமன் வாசல்படியில் நின்று டார்ச் பிடிப்பான். ஸ்டோர்ஸில் எல்லாருக்கும் சாமானை எடுத்துக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்கிற வேலை அவனுக்குப் பழக்கம்தான். ஆனால் இது பொறுக்கவில்லை. தன் கையில் துரை எத்தனையோ தரம் மிதந்திருக்கிறது. இப்படி உடம்பையே கொடுத்துவிட்டுக் கிடந்ததில்லை.

"பயந்து கெடக்குது," என்றான்.

"பயந்தா துள்ளுங்க. இரு, இரு, ஆச்சு. ஆச்சு கண்ணு."

அந்தக் குரல் அவனுக்குத் தெரிந்த குரல். அவனுடைய அப்பா சர்க்கரைப் புண்ணோடு இந்த வீட்டில்தான் கிடந்தார். சாகிற வரைக்கும் காலுக்குக் கட்டுப் பிரித்துக் கட்டியது ஜெயலக்ஷ்மி. "ஆச்சு மாமா, ஆச்சு" என்பாள். அப்போதும் அவன் வாசல்படியில்தான் நின்றான். புண்ணைப் பார்த்தால் அவனுக்குத் தலை சுற்றும். அப்பா அவள் பெயரைத்தான் கூப்பிட்டார் என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. இப்போது உறைத்தது, இத்தனை வருஷம் கழித்து அதற்கும் சேர்த்து வயிறு எரிந்தது.

ஒரு நாள் அவன் வேலையிலிருந்து வந்து நுழைந்ததும் நுழையாததுமாக அவள் முகமெல்லாம் பூரிப்பாக ஓடிவந்தாள். "ஏங்க! இன்னிக்குத் தேடிச்சுங்க! ஒரு புழு எடுத்து நீட்டினேன், கையிலயே வாங்கிடுச்சு!"

"சாமி சரணம்," என்றான் கோதண்டராமன். சந்தோஷப்பட வேண்டிய செய்திதான். மீன் பிழைத்துவிட்டது. ஆனால் கையிலயே என்ற சொல் தொண்டையில் முள்ளாக நின்றது. அவள் விரலை ஒரு கடி கடித்திருக்கக் கூடாதா என்று ஒரு நினைப்பு வந்தது. மாலையைத் தொட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான். நினைப்பு போகவில்லை.

விடியற்காலையில் பச்சைத் தண்ணீரில் குளிக்கப் போகிற சாக்கில் அவன் டப்பின் மேலிருந்த சாக்குத் துணியைத் தூக்கிப் பார்ப்பான். "தொரே... தொரசாமி..." என்று குழைவான். மீன் டப்பின் அடியில் ஒட்டிக்கொள்ளும். புழுவைத் தொடக்கூடாது என்று தானே போட்ட விதி. அதனால் தன் சாப்பாட்டிலிருந்து வேகவைத்த பட்டாணி ஒன்றை ஒளித்துக்கொண்டு வந்து போட்டான். மீன் வந்தது, வாயில் போட்டு இரண்டு மெல்லு மென்று தூவென்று துப்பியது. தோல் வேறு, பருப்பு வேறாக மிதந்தது. அடுப்படியில் ஜெயலக்ஷ்மியின் கொலுசுச் சத்தம் கேட்டதும் அதே மீன் விறுவிறுவென்று மேலே வந்து வாலாட்டியது. முகத்தில் தண்ணீர் தெறிக்க அவன் அங்கேயே குந்தியிருந்தான்.

இருமுடி கட்டுகிற நாள் நெருங்கியபோது அவனால் தாங்க முடியவில்லை.

"மாளிகப்புறம், சாமி குளிக்கிற எடத்துல மீன் இருக்கலாமா? மல ஏறப் போற ஒடம்பு. அதான் புண்ணு ஆறிடிச்சே, முன்னாடி தொட்டியில விட்டுடு."

அவள் சாக்கை விலக்கினாள். "ஆறிடிச்சா? நல்லாப் பாருங்க. சுத்தி மூடியிருக்கு, நடுவுல இன்னும் செவப்பு. இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்னு டெரிக் சொல்லியிருக்காரு."

"டெரிக் என்ன டாக்டரா? அது என் மீனு. எனக்குத் தெரியாதா?"

"சரிங்க. உங்க மீனுதான். உங்க கையாலயே எடுத்துக் கொண்டுபோயித் தொட்டியில விடுங்க."

அவன் கை தானாக மாலைக்குப் போயிற்று. "நான் எப்படி... தொடறது..."

"அதான்," என்று சொல்லிச் சாக்கை மூடிவிட்டு அவள் போனாள்.

கோபப்படக் கூடாத மனுஷன் என்ன செய்வான்? படத்துக்கு முன்னால் போய் நின்று தொண்டை கிழியச் சரணம் சொன்னான். பக்கத்து வீட்டு மௌரீன் ஜன்னலைத் திறந்து, "சாமி, இன்னிக்கு என்ன பக்தி இவ்ளோ ஜாஸ்தி?" என்று கேட்டாள்.

பொங்கலை ஒட்டி மலைக்குப் போனார்கள். கோதண்டராமன் வழியெல்லாம் வேண்டுதல்களை வரிசைப்படுத்தி வைத்திருந்தான். கம்பெனியில் ஒரு பிரமோஷன், ஜெயாவின் முட்டிவலி, அப்பாவின் ஆத்மா. சன்னிதியில் ஒரு கண் சிமிட்டும் நேரம்தான் கிடைத்தது. பின்னாலிருந்து கூட்டம் தள்ளியது. அந்த ஒரு சிமிட்டில் அவன் வாயிலிருந்து வந்தது, "தொர என் கைக்கு வரணும் சாமி." அவ்வளவுதான், வெளியே வந்து விழுந்தான். மீன் குணமாக வேண்டும் என்று கேட்கவில்லையே என்பது பம்பைக்கு இறங்கும்போதுதான் நினைவுக்கு வந்தது. இறங்கின பிறகு திரும்ப ஏற முடியுமா?

பெங்களூர் வந்து எத்திராஜ் கையால் மாலையைக் கழற்றிவிட்டு, அரவணை டின்னோடு வீட்டு வாசலில் தேங்காய் உடைத்தான். உள்ளே நுழைந்ததும் தொட்டியைத்தான் பார்த்தான். விளக்கும் மூடியும் பழைய இடத்தில் இருந்தன. துரை உள்ளே நீந்திக்கொண்டிருந்தது. காயம் இருந்த இடத்தில் செதில்கள் தாறுமாறாக முளைத்திருந்தன. அங்கே மட்டும் சிவப்பு திரும்பவில்லை, வெறும் கறுப்பு.

காப்பிகூடக் குடிக்காமல் கொல்லைப்பக்கம் போய்த் தானே மண்ணைக் கிளறி ஒரு கொழுத்த புழுவை எடுத்து வந்தான். இனி எந்த விதியும் இல்லை. "தொரே!" என்று பழைய குரலில் கூப்பிட்டு, முழங்கை வரைக்கும் கையை விட்டான்.

மீன் திரும்பிப் பார்த்தது. பாதித் தூரம் வந்தது. அவன் புழுவை இன்னும் கொஞ்சம் நீட்டினான். பிறகு என்ன நினைத்ததோ, உடம்பு வெளுத்துப் பின்னால் போய் மூலையில் ஒண்டிக்கொண்டது.

"தொரசாமி," என்று அடுப்படியிலிருந்து வந்தாள் ஜெயலக்ஷ்மி. விரலைத் தண்ணீரில் நனைத்தாள், அவ்வளவுதான். மீன் அவன் கையைச் சுற்றிக்கொண்டு போய் அவள் விரலடியில் தலையைக் கொடுத்து மிதந்தது.

"பழக்கிட்ட," என்றான். "நான் தொட முடியாத நேரமாப் பாத்துப் பழக்கிட்ட. நாலு வருஷம் என் கையில தின்ன மீனு."

அவள் தலையைத் தடவுவதை நிறுத்தவில்லை. கோபமும் இல்லை. பால் விலை ஏறியதைச் சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

"எனக்கும் வயிறு எரிஞ்சுதுங்க, அந்த நாலு வருஷமும். மாமாவுக்குக் கட்டுப் பிரிக்கிறப்போ நீங்க வாசப்படியத் தாண்டல. எனக்குக் காமால வந்தப்பவும் மருந்து வாங்கியாந்து மேஜ மேல வெச்சீங்க, கிட்ட வந்து ஒக்காரல. சரி, இவரு சுபாவம் இதுதான், யாரையும் தொட்டுப் பாக்கத் தெரியாதுன்னு இருந்துட்டேன். அப்புறம் இது வந்துச்சு. தலையத் தடவறீங்க, கத பேசறீங்க. அப்போ இவருக்குத் தெரியும், எனக்குத்தான் இல்லன்னு நெனச்சி நெனச்சி எரிஞ்சேன். அன்னிக்கு இது உங்க கால்கிட்ட கெடந்து துடிச்சப்போ தட்டப் பிடிச்சிட்டு நின்னீங்க பாருங்க, அப்போ போச்சு அந்தப் பொறாமை. அதுக்கும் என் கதிதான்னு தெரிஞ்சிடுச்சு."

குக்கர் விசில் அடித்தது. அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

கோதண்டராமன் கையை வெளியே எடுக்காமல் நின்றான். துரை கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு அடுப்படி வாசலைப் பார்த்தபடி இருந்தது. அவனும் அங்கேதான் பார்த்தான். வெள்ளையாகப் பூத்த புண்ணோடு அவள் உள்ளங்கையில் அது கிடந்த கிடப்பு கண்ணுக்குள் வந்தது. "ஆச்சு கண்ணு" என்ற குரலும் வந்தது. இத்தனை நாளும் மீனுக்காக அவள்மேல் எரிந்த வயிறு இப்போது அவளுக்காக அந்த மீன்மேல் எரிந்தது.

"ஜெயா," என்று கூப்பிட்டான். குக்கர் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை. விரலில் இருந்த புழு நழுவி அடியில் போய் விழுந்தது. துரை அதை எடுக்கப் போகவில்லை.